மலையகப் பேச்சில் றகரம்

மலையகத் தமிழைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சொற்களையே எடுத்துக்கொள்வர். பெரட்டு, கொழுந்து, கங்காணி, தொரை என்று பட்டியல் நீளும். நேயர்களே, இன்று நான் சொற்களை விட்டு ஒலிக்கு வருகிறேன். அதிலும் ஒரேயொரு மெய்: றகரம்.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்து லயங்களில் 'காற்று' என்பது 'காத்து'. 'நேற்று' என்பது 'நேத்து'. யாழ்ப்பாணத்தவர் இவற்றைச் சொல்லும்போது நாநுனி பல்லில் படாது. சற்று மேலே, ஈற்றின் மேட்டில் அழுந்தும். ஆங்கில 'டி' ஒலிக்கு அது நெருக்கமானது. அதனாற்றான் அவர்கள் 'எஸ்ரேற்' என்று எழுதுகிறார்கள். நாம் 'எஸ்டேட்' என்கிறோம்.

னகரத்தின் பின்னும் வேறுபாடு உண்டு. ஒன்று, மூன்று, கன்று ஆகியவை வடக்கில் ஒண்டு, மூண்டு, கண்டு. மலையகத்தில் ஒண்ணு, மூணு, கன்னு. இங்கே மூக்கொலி வல்லொலியை விழுங்கிவிட்டது. மலையில் நடுவது தேயிலைக் கன்னு.

ற, ன இரண்டும் நாநுனி அண்ணத்தை ஒற்றப் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். ர, ழ வருடப் பிறப்பவை. யாழ்ப்பாணத்து இரட்டை றகரம் இந்தப் பழைய ஒற்றலைக் காத்திருக்கிறது. ஆனால் மலையகத்தார் அதை லயத்தில் தொலைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும், 1867இன் பின் தேயிலைக்கும் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள், ஊரில் பேசிய 'காத்து'டனேயே கப்பலேறினார்கள். வடக்கும் மாறாமல் இருக்கவில்லை: 'ஒன்று' அங்கே 'ஒண்டு' ஆயிற்று, ழகரம் இரு பக்கத்துப் பேச்சிலும் ளகரமாயிற்று.

இதை ஏன் சொல்கிறேன்? நான் படித்த காலத்தில் ஒரு வகுப்பறையில் 'நேத்து' என்ற பிள்ளையைத் 'தோட்டக்காட்டுப் பேச்சு' என்று சிரித்தார்கள். அப்பிள்ளை அதன்பின் வகுப்பில் வாய் திறக்கவேயில்லை. சொல்வதெழுதலில் 'நேற்று' என்று திருத்துவது ஆசிரியர் கடமை. நாவைப் பழிப்பது கடமையன்று. அந்த நாவுக்கும் ஒழுங்கான விதி உண்டு.

சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய நாட்டார் பாடல்களையும், என்.எஸ்.எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் கதைகளின் உரையாடல்களையும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். அங்கே வரும் பேச்சொலி அச்சுப்பிழையன்று.

'துரை' எப்படித் 'தொரை' ஆனார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.