ஒரே கருவிக்கு மூன்று பொட்டலங்கள் ஏன்?



மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு முன்பு மீட்டர் பாதையில் ரயில் ஓடியது. தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி. 2010ஆம் ஆண்டின் இறுதியில் அதை நிறுத்தி, 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாற்றினார்கள். 2022இல் தேனி வரையும், 2023இல் போடி வரையும் ரயில் மீண்டும் வந்தது. பழைய ரயில் பெட்டியை அப்படியே புதிய பாதையில் ஏற்ற முடியுமா? முடியாது. பெட்டியில் பழுது இல்லை. சக்கரம் பொருந்தாது, அவ்வளவுதான்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. பரவையிலுள்ள பள்ளி மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு மடிக்கணினியுடன் என்னிடம் வந்தார். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் அவருடைய அக்காவுக்குக் கிடைத்தது அது. "சார், இதில் எதுவும் ஏறமாட்டேன் என்கிறது. பழைய சாமான் கடையில் போட்டுவிடலாமா என்று அப்பா கேட்கிறார்" என்றார்.

அவர் ஏற்ற முயன்றது 'ஜியானி' என்னும் கோட் எடிட்டர். நிரல் எழுத உதவும் இலவசக் கருவி இது. கணினியில் இருந்ததோ பாஸ் லினக்ஸின் பின்னாளைய பதிப்பு. சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயக்க அமைப்பு. அவர் இறக்கி வைத்திருந்த கோப்போ விண்டோஸுக்கு உரியது!

பொருந்தாதது எது?

இரண்டு எண்களைக் கூட்டு என்ற கட்டளை, ஒரே வகைச் செயலகம் உள்ள கணினிகளில் எங்கும் ஒன்றே. ஆனால் திரையில் எழுதவும் கோப்பைத் திறக்கவும் நிரல் தானே முனைவதில்லை. இயக்க அமைப்பிடம் விண்ணப்பிக்கிறது. அந்த விண்ணப்ப முறை ஒவ்வோர் அமைப்புக்கும் வேறு. 64 பிட் லினக்ஸில் 'எழுது' என்னும் விண்ணப்பத்தின் எண் 1. விண்டோஸிலோ அதற்கென உள்ள நூலகத்தின் வழியாகக் கேட்க வேண்டும்.

நிரல் கோப்பின் அமைப்பும் வேறு. விண்டோஸ் நிரல் 'எம், இசட்' என்ற இரண்டு எழுத்துகளுடன் தொடங்கும். அந்த அமைப்பை வகுத்த மார்க் ஸ்பிக்கோவ்ஸ்கி என்ற பொறியாளரின் பெயரின் முதலெழுத்துகள் அவை! லினக்ஸ் நிரலில் முதல் பைட்டை அடுத்து 'ஈ, எல், எஃப்' என்று வரும். ஆப்பிளின் மேக் கணினிக்கு மூன்றாவது வகை.

ஏற்றும் முறை

விண்டோஸில் ஜியானியின் தளத்திலிருந்து நிறுவுகோப்பை இறக்கி, இருமுறை சொடுக்கி, கேள்விகளுக்கு விடை தந்தால் போதும். மேக்கில் கோப்பைத் திறந்து, சின்னத்தை 'அப்ளிகேஷன்ஸ்' உறைக்குள் இழுத்து விட வேண்டும்.

பாஸ் போன்ற டெபியன் வகை லினக்ஸில் தளம் தேடி அலைய வேண்டியதில்லை. 'ஆப்ட்' என்னும் ஏவலாளிடம் ஜியானி வேண்டும் என்றால், அதுவே களஞ்சியத்திலிருந்து எடுத்துவரும்; உடன் தேவையான பிற தொகுப்புகளையும் கொண்டுவரும். வந்தது கலப்படமற்றதா என்று மின்னொப்பம் கொண்டு சரிபார்க்கவும் செய்யும். எந்த முறையானாலும், முன்பின் தெரியாத தளம் தரும் கோப்பைத் தொடாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

விண்டோஸ் நிறுவுகோப்பு ஒன்றைப் படியெடுத்து, அந்தப் படியை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குறிகளுக்கு முன்னால் அந்த இரண்டு எழுத்துகள் நிற்கும். சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

நம் மாணவரின் கணினியில் ஜியானி சில நிமிடங்களில் ஏறிவிட்டது. அன்று மாலையே பைத்தானில் வாய்ப்பாடு நிரல் ஒன்றை எழுதினார். மறுநாள் அதே கோப்பு, பள்ளியின் விண்டோஸ் கணினியில் ஓர் எழுத்தும் மாறாமல் ஓடியது. அங்கும் பைத்தான் இருந்தது, அது போதுமானதாயிற்று. நாம் எழுதும் நிரல் வெறும் எழுத்துகள்தாமே! சக்கரம் மாறலாம், சரக்கு எந்தப் பாதையிலும் போகும்.

மடிக்கணினி இப்போது கடைக்குப் போகவில்லை. அவர் மேசைமேல் இருக்கிறது.