ஏரிக்கு 'அ' பதிவேடு இருக்கு... அதன் நகல் உங்க குழுவிடம் இருக்கா?

அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில் இருக்கிறது கரைவெட்டி ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயம்; 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம். பரப்பு 453.72 ஹெக்டேர். அரசிதழ், எல்லை எல்லாம் பக்காவாக இருப்பதால் இதைப் பற்றிக் கவலை குறைவு. பக்கத்து ஊர் குட்டைக்கும் வரத்து வாய்க்காலுக்கும்? அங்கே யாராவது வேலி போட்டால், ஊர் நீர்நிலைக் குழுவின் கையில் இருக்கும் தாள்தான் பேசும்.

என்ன தாள்? முதலில் 'அ' பதிவேடு. ஒரு சர்வே எண் பட்டா நிலமா, ஏரியா, வாய்க்கால் புறம்போக்கா என்பது இதில் இருக்கும். அடுத்து, அளவுகளோடு கூடிய புல வரைபடம். இரண்டையும் தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்திலேயே பார்க்கலாம்.

சிக்கல் இங்கேதான். தளத்தில் தெரிவது இன்றைய நிலவரம். 1980-களில் நடந்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முன் அந்த இடம் குளமாக இருந்ததா என்று காட்ட, பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகல் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். பதிலுக்குக் கெடு 30 நாள். அரியலூர்க்காரர்களுக்குக் கூடுதல் அலைச்சல் உண்டு. 2007-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. பெரம்பலூரே 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தது. பழைய தாளைத் தேடி திருச்சி வரை போக வேண்டி வரலாம்.

இவ்வளவு அலைந்து வாங்கியதை எங்கே வைக்கிறோம்? பெரும்பாலும் செயலாளர் வீட்டுப் பரணில், மஞ்சப்பையில்! அவர் பொறுப்பு மாறினால் பையும் மறந்துபோகும். கரையான் தனிக்கதை. முத்திரையிட்ட நகலை லேமினேட் செய்துவிடாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. ஸ்கேன் செய்த பிடிஎஃப்புக்கு ஊர், சர்வே எண், வாங்கிய தேதி என்று பெயர் வையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கும், டாக்குமென்ட்டாக அனுப்புங்க. ஒரு பிரதி கிளவுடில், ஒன்று பென் டிரைவில், தாள் இரும்புப் பெட்டியில். கிளவுட் கணக்கு குழுவின் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரியட்டும்.

குழுவே அறக்கட்டளையாக நிலம் வாங்கியிருந்தால் கிரயப்பத்திரம், வில்லங்கச் சான்று, அறக்கட்டளைப் பத்திரம் மூன்றும் சேரும். கிரயப்பத்திரம் தொலைந்தாலும் பதறாதீங்க. சார்பதிவாளர் அலுவலகம் தரும் சான்றிட்ட நகல், 1908 பதிவுச் சட்டம் 57-வது பிரிவின்படி மூலத்தில் உள்ளதை நிரூபிக்க ஏற்கத்தக்கது. ஆவண எண், ஆண்டு, அலுவலகப் பெயர் மூன்றையும் தனியாகக் குறித்து வைத்திருந்தால் அதை வாங்குவது சுலபம்.