பட்டறைக்கு ஒரு விலாசம்

ஓசூரில் ஜூஜுவாடிப் பக்கம் ஒரு சிஎன்சி பட்டறை. நான்கு மெஷின், மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஆபீஸ், உள்ளே டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், பீரோ மேல் கேமராக்களின் டிவிஆர், அதன் தலையில் கூலன்ட் பிசுபிசுப்போடு ஒரு ரவுட்டர். முதலாளி குடியிருப்பது அத்திப்பள்ளி தாண்டி சந்தாபுரத்தில். தொழில் தமிழ்நாட்டில், தூக்கம் கர்நாடகத்தில். இந்த எல்லையில் இது சாதாரணம். நைட் ஷிப்டில் மெஷின் ஓடுகிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும், டேலியையும் திறக்க வேண்டும் என்றார். “ஸ்டேட்டிக் ஐபி வாங்கிடுங்க சார், அப்பதான் வரும்” என்றார் கேமராக்காரர். “எதுக்குண்ணா தண்டச் செலவு? டிடிஎன்எஸ் போட்டா சும்மாவே வரும்” என்றான் கணக்கு பார்க்கும் பையன். பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

இணையத்தில் ஒரு பெட்டியை இன்னொரு பெட்டி தேடிப் போக எண் வேண்டும். அதுதான் ஐபி முகவரி. பழைய முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள். உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று மண்டலப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆசியா-பசிபிக் பகுதியைக் கவனிக்கும் ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரலில் ரேஷனுக்கு வந்துவிட்டது. இப்படிப் பற்றாக்குறையான பொருளை நெட் கம்பெனி உங்களுக்கென்று ஒதுக்கி வைக்குமா? வாடகைக்கு விடுகிறது. கரண்ட் போய் ரவுட்டர் அணைந்து எழுந்தால் வேறு எண் வரலாம். நேற்றைய எண்ணைப் போனில் போட்டு வைத்திருந்தவர் இன்றைக்கு வேறு யார் வீட்டு வாசலிலோ போய் நிற்பார்.

இதற்குத்தான் இரண்டு வைத்தியம். கூடுதலாகப் பணம் கட்டி மாறாத எண் ஒன்றை வாங்கிக்கொள்வது ஸ்டேட்டிக் ஐபி. எண் மாறினால் மாறட்டும், பெயர் ஒன்றாகவே இருக்கட்டும் என்பது டைனமிக் டிஎன்எஸ், சுருக்கமாக டிடிஎன்எஸ். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் ஏற்பாட்டை 1983-இல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். அதற்கு முன் வலையிலிருந்த கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன; கலிபோர்னியாவில் ஓர் அலுவலகம் அதைக் கையால் திருத்திக்கொண்டிருந்தது. தானாகவே திருத்திக்கொள்ளும் முறை 1997-இல்தான் தரநிலையாக எழுதப்பட்டது.

டிடிஎன்எஸ்ஸின் வேலை ரொம்பச் சின்னது. ரவுட்டருக்குள்ளோ டிவிஆருக்குள்ளோ ஒரு குட்டி நிரல் உட்கார்ந்திருக்கும். எண் மாறியதும், “நான் இப்போ இங்கே இருக்கேன்” என்று சேவை தரும் நிறுவனத்துக்கு ஒரு தகவல் போகும். அங்கே பெயருக்கு நேரே எண் திருத்தப்படும். பெயரைக் கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலோடு ஒரு கெடுவும் சேர்ந்து வரும்: இந்த எண்ணை 60 விநாடிக்கு மேல் நம்பாதே, மறுபடி கேள். அதனால் கரண்ட் வந்து சில நிமிடங்களில் சந்தாபுரத்துப் போனில் மெஷின் தெரிந்துவிடும். கேமரா பார்க்க இது தாராளம். பையன் பேசியதில் நியாயம் இருந்தது.

இருந்தும் போட்டுப் பார்த்தபோது வேலை செய்யவில்லை. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். வெளி முகவரி என்ற இடத்தில் 100.72 என்று தொடங்கும் ஓர் எண். அதே வைஃபையில் இருந்த போனில் ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் முற்றிலும் வேறு எண். ஸ்டேட்டிக்கா டைனமிக்கா என்று வாதாடும் முன்பு எல்லோரும் பார்க்க வேண்டியது இந்த இரண்டு எண்களைத்தான். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், உங்களுக்கென்று வெளியில் விலாசமே இல்லை.

எண் பற்றாக்குறையைச் சமாளிக்க நெட் கம்பெனிகள் பல சந்தாதாரர்களை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் நிறுத்துகின்றன. அதற்கு சிஜிநாட் என்று பெயர். அதற்காகவே 2012-இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒதுக்கினார்கள்; ரவுட்டரில் பார்த்த 100.72 இதற்குள்தான். பெரிய கம்பெனி கேட்டுக்கு ஒரு பார்சல் வருகிறது, கம்பெனிப் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது, எந்த டிபார்ட்மென்ட் என்று இல்லை என்றால் செக்யூரிட்டி என்ன செய்வார்? திருப்பி அனுப்புவார். உள்ளேயிருந்து நீங்கள் கேட்டு வாங்கும் பதில் சரியாக வந்து சேரும். வெளியிலிருந்து புதிதாகக் கதவைத் தட்டுபவர் உங்களிடம் வர வழியில்லை. டிடிஎன்எஸ் பெயரும் அந்த கேட்டோடு நின்றுவிடும். இது தெரியாமல் சிப்காட்டில் ஒரு பட்டறையில் அரை நாள், வெளியிலிருந்து வருபவரை உள்ளே அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் நல்ல ரவுட்டரைக் கெட்டுப்போனது என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்.

ஆக, ஸ்டேட்டிக் ஐபிக்குக் கட்டும் பணத்தில் பெரும்பங்கு, எண் மாறாமல் இருப்பதற்காகக்கூட இல்லை. வெளியிலிருந்து எட்டக்கூடிய பொது எண் ஒன்று தனியாகக் கிடைப்பதற்காகத்தான். பொது எண் ஏற்கெனவே இருக்கிறவருக்கு டிடிஎன்எஸ் போதும். கேமராக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. இன்னொரு முறை வர வேண்டாமே என்று நினைத்திருப்பார்.

மாறாத எண்தான் வேண்டும் என்கிற இடமும் உண்டு. அது நம்மைத் தேடி வருபவருக்காக இல்லை, நாம் தேடிப் போகும் இடத்துக்காக. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு அத்திப்பள்ளியைத் தாண்ட இ-வே பில் வேண்டும். போர்ட்டலில் கையால் தட்டி எடுப்பவருக்கு எந்த நெட்டும் போதும். ஆனால் தன் மென்பொருளை அரசு சர்வரோடு ஏபிஐ வழியாக நேரடியாக இணைக்கும் நிறுவனம், தன் நிலையான இந்திய ஐபி எண்ணை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த எண்ணிலிருந்து வந்தால்தான் உள்ளே விடுவார்கள். ‘எங்கள் பெயர் இதுதான், எண் மட்டும் அப்பப்போ மாறும்’ என்ற டிடிஎன்எஸ் சமாதானம் அங்கே செல்லாது.

டேலிக்கு வருவோம். கம்ப்யூட்டரின் ரிமோட் டெஸ்க்டாப்பை அப்படியே வெளியே திறந்துவிடுவது இந்தப் பக்கம் சகஜம், எனக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். மாறாத எண்ணோ நல்ல பெயரோ விலாசம்தான், பூட்டு ஆகாது. திறந்த கதவுகளைத் தேடும் நிரல்கள் இரவு பகலாக எல்லா எண்களையும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. 2016-இல் மிராய் என்ற நிரல், அறுபதுக்கும் மேற்பட்ட ஃபேக்டரி பாஸ்வேர்ட் ஜோடிகளை வைத்துக்கொண்டே உலகெங்கும் டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்தது. அந்தப் படை அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தை மொய்த்ததில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல இடங்களில் மணிக்கணக்கில் முடங்கின. டின் யார் தெரியுமா? டைனமிக் டிஎன்எஸ்ஸை உலகத்துக்குப் பழக்கிவிட்ட கம்பெனி.

ஜூஜுவாடியில் கடைசியில் செய்தது இவ்வளவுதான். டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யும் செயலியில் சேர்த்தோம். அதில் டிவிஆரே தன்னைத் தயாரித்த கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும், போன் அங்கே போய்ச் சந்திக்கும். நம் படம் நடுவில் இன்னொருவர் கை வழியாக வருகிறது என்ற உறுத்தல் எனக்கு உண்டு, முதலாளிக்கு இல்லை. டேலிக்கு அந்த வழி வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லி, டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டேன். கம்ப்யூட்டர், முதலாளியின் லேப்டாப், இரண்டுமே வெளியே போய்க் கைகோத்துக்கொள்ளும் வகை. சிஜிநாட் தடையில்லை, திறந்த கதவும் கிடையாது. ஸ்டேட்டிக் ஐபி வாங்கவில்லை.

கிளம்பும்போது என் போனைப் பார்த்தேன். ஜூஜுவாடியில் நின்றபடியே கர்நாடக டவரைப் பிடித்திருந்தது.