மூழ்குநரின் கருவிகளும் பராமரிப்பும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றி, மூச்சை அடக்கிக் கடலுள் இறங்கினர். அடக்கிய மூச்சு தீருமுன் மேலேறியாக வேண்டும் என்பதே அவர்தம் தொழிலின் எல்லை. 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ழாக் கூஸ்தோ என்னும் கடற்படை அலுவலரும் எமில் காஞான் என்னும் பொறியாளரும் உருவாக்கிய காற்றுச் சீராக்கி அவ்வெல்லையைத் தளர்த்தியது. ஸ்கூபா எனப்படும் இம்முறையில், மூழ்குநர் தமக்கு வேண்டிய காற்றை முதுகிலேயே சுமந்து செல்கிறார்.

உருளையில் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதனை அப்படியே சுவாசிக்க இயலாது. சீராக்கியின் முதற்பகுதி அவ்வழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் மிகுதி என்னும் அளவுக்குக் குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் பகுதி அதனை நீரின் அழுத்தத்திற்கே இணையாக்கித் தருகிறது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 பார்; அங்கு இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் கரையில் இழுப்பதைப் போல மும்மடங்கு காற்றைச் செலவிடும். எனவே, கரையில் சிறு சீறலாகக் கேட்கும் கசிவு, ஆழத்தில் மூழ்குநர் மேலேறுதற்குரிய நேரத்தையே குறைத்துவிடும்.

கருவிகளின் முதற்பகை உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஈரம் உலர்ந்ததும் அது படிகமாகி, வால்வின் மென்மையான விளிம்புகளைக் கீறும். ஆதலின், உலர்வதற்கு முன்பே கருவிகளை நன்னீரில் ஊறவைத்தல் வேண்டும். மேலே நீரை ஊற்றிக் கழுவுதல் மட்டும் போதாது. அதற்குமுன் முதற்பகுதியின் மூடியை ஈரம் துடைத்து இறுக மூட வேண்டும். ஊறும்போது இரண்டாம் பகுதியின் பொத்தானை அழுத்துதல் ஆகாது. அழுத்தினால் வால்வு திறந்து, நீர் குழாய்வழியே உள்ளே புகும். பின்னர் நிழலில் உலர்த்துக. வெயில் இரப்பரை வெடிக்கச் செய்யும்.

முதற்பகுதியின் வாயிலில் உள்ள சிறு வடிகட்டி நல்லதொரு சான்று. அது பச்சை நிறம் கொண்டால் உள்ளே நீர் புகுந்து உலோகம் அரிக்கப்படுகிறது. செந்நிறமாயின் எஃகு உருளை துருவேறியுள்ளது. கருநிறமாயின் காற்றடைக்கும் எந்திரத்தை ஐயுற வேண்டும். துருவை அழகுக்கேடு என்று மட்டும் எண்ணலாகாது. ஈரத்துடன் நெடுநாள் மூடிக்கிடக்கும் எஃகு உருளையில், இரும்பு துருவாகும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளும். அளவுமானி உருளையில் போதிய அழுத்தம் இருப்பதாகவே காட்டும். காற்றோ உயிர் காக்கும் தகுதியை இழந்திருக்கும். வேதியியல் பாடத்தில் நாம் எளிதாகக் கடந்துவிடும் வினைதான் இது. உருளையை முற்றும் காலியாக்காமல் சிறிது அழுத்தத்துடன் வைப்பதும் நீர் உட்புகாமைக்கே.

வாய்க்கவ்வியையும் கண்ணாடிக் கவசத்தின் பட்டையையும் உருளை வாயின் இரப்பர் வளையத்தையும் மூழ்குநர் தாமே மாற்றலாம். வளையத்திற்குப் பெட்ரோலியக் களிம்பைப் பூசலாகாது; ஆக்சிஜன் செறிந்த காற்றில் அது தீப்பற்றக்கூடும். சீராக்கியின் உட்பகுதியைத் திறப்பதோ பயிற்சி பெற்றவர்க்கே உரியது. கைத்திறன் மிக்கவர்களும் இதில் ஆசையை அடக்குதல் நன்று. உள்ளே சுருள்வில்லின் இறுக்கம் சிறிது மாறினாலும் காற்றின் அளவு மாறிவிடும்.

உருளையின் உட்புறத்தை ஆண்டுதோறும் விளக்கொளியில் பார்வையிடுவர். பல நாடுகளில் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையும் உண்டு. காற்றுக்கு மாறாக நீரைப் பயன்படுத்துவதற்குக் காரணம், நீர் பெரிதும் சுருங்காமையே; உருளை பிளந்தாலும் காற்றைப் போல வெடித்துச் சிதறாது. சோதனையில் தேறாத உருளையின் திருகுபுரியைச் சிதைத்து, எவரும் மீண்டும் அதில் காற்றடைக்க இயலாதவாறு செய்துவிடுவர்.