வயல் உரமும் ஏரி இறாலும்

எளாவூர் வட்டாரத்தில் சம்பா நெல்லுக்கு யூரியா இடும் காலத்திலேயே வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. உரமிட்ட மறுநாள் பெருமழை பிடித்துக்கொண்டால், வரப்பு வழிந்தோடும் நீரோடு உழவரின் பணமும் ஓடுகிறது. அது போய்ச் சேருமிடம் கிழக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரி.

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஆரணியாறும் காளங்கியாறும் இதில் கலக்கின்றன. ஏரி ஆழமற்றது, கடலோடு இணைக்கும் முகத்துவாரமோ மணல் மேடிட்டு அடிக்கடி தூர்ந்துபோவது. ஆதலால் வந்த சத்து எளிதில் வெளியேறுவதில்லை.

சத்து தங்கினால் மீனுக்கு நன்மைதானே என்று கேட்கலாம். ஓரளவு வரை உண்மையே. அளவு மீறித் தழைச்சத்தும் மணிச்சத்தும் சேரும்போது பாசி மண்டுகிறது. பகலில் பிராணவாயுவை வெளிவிடும் பாசி, இரவில் அதனை உட்கொள்கிறது. மடிந்த பாசி அடியில் படிந்து அழுகும்போது நுண்ணுயிர்கள் எஞ்சியதையும் எடுத்துக்கொள்கின்றன. விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய்பிளப்பது இதனாலேயே. மீனாவது நீந்தி விலகும். சேற்றில் பதுங்கும் இறாலின் நிலை வேறு. அடிநீரிலேதான் பிராணவாயு முதலில் தீர்கிறது. மிசிசிப்பி ஆறு சுமந்துவந்த உரச்சத்தினால், 2017-இல் மெக்சிகோ வளைகுடாவில் ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டர் பரப்பின் அடிநீர் இவ்வாறு பிராணவாயு குன்றிப்போயிற்று.

பழவேற்காட்டு மீனவர் ‘பாடு’ முறைப்படி, இன்னார் இன்ன நாளில் இன்னவிடத்தில் வலையிடுவதென்று பகிர்ந்துகொள்கின்றனர். முறை வந்த நாளில் நீர் கெட்டிருந்தால் அம்முறை போனதுதான். ஓர நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கோ வேறிடம் தேடிச் செல்லப் படகும் இல்லை.

நெல் வயலில் இடும் யூரியாவின் தழைச்சத்தில் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகவே பயிருக்குச் சேர்கிறது. ஆகவே ஏரியைக் காப்பதும் உரச்செலவைக் குறைப்பதும் ஒரே வேலை. யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து ஓரிரவு வைத்திருந்து இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. எனினும் ஒரேயடியாகக் கொட்டினால் அதுவும் கரைந்தோடும். பல தவணைகளாகப் பிரித்து, இலை வண்ண அட்டையைப் பயிரோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேண்டியபோது மட்டும் இடுவதே முறை. வானம் கறுத்திருக்கையில் மூட்டையை அவிழ்க்க வேண்டாம்.

மணிச்சத்து பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிச் செல்வது. வடிகாலோரப் புல்லைச் செதுக்கி எறிவதைச் சுறுசுறுப்பென்று கருதுவோர் நம்மில் பலர். அப்புல்லும் கோரையும் வண்டலைத் தடுத்து நிறுத்துபவை. வாய்க்கால் அடைபடாத அளவுக்கு அவற்றை விட்டுவைக்கலாம். உரமிட்ட பின் சில நாட்களுக்கு வடிமடையை அடைத்து வைப்பதும் நலம்.

வேப்பம் புண்ணாக்கு மழைக்காலத்தில் தேடினால் கிடைப்பது அரிது. சங்கங்கள் புரட்டாசிக்குள் மொத்தமாக வாங்கி இருப்பு வைத்தால் அங்கத்தினருக்கு வேளையில் உதவும்.