விண்வெளிக் கதிர்வீச்சும் படக்கருவி உணரிகளும்: சொல்லாக்க நோக்கில்

விண்வெளிக் கதிர்வீச்சு படக்கருவிகளில் உண்டாக்கும் விளைவுகள் அனைத்தையும் ‘பாதிப்பு’ என்னும் ஒரே சொல்லால் குறித்தல் எளிது, ஆயின் பொருந்தாது. அவற்றுள் சில கணத்தில் தோன்றி மறைவன. சில ஆண்டுக்கணக்கில் திரள்வன. இவ்வேறுபாட்டைக் கலைச்சொற்கள் காத்தல் வேண்டும் என்பதற்கு ஹபிள் தொலைநோக்கி தக்க சான்றாகும்.

1990-இல் ஏவப்பட்ட இத்தொலைநோக்கியில் 2002-இல் பொருத்தப்பட்ட ஆய்வுப் படக்கருவி, சிலிக்கானாலான சி.சி.டி. உணரிகளைக் கொண்டது. ஒளி விழும் ஒவ்வொரு படப்புள்ளியிலும் எலக்ட்ரான்கள் சேர்கின்றன. பின்னர் அவை வரிசை வரிசையாக நகர்த்தப்பட்டு, விளிம்பில் அளக்கப்படுகின்றன.

விண்கதிர்த் துகள் உணரியை ஊடுருவும்போது படத்தில் வெண்கீற்று ஒன்று பதிகிறது. அடுத்த படத்தில் அக்கீற்று இராது. இதனைத் ‘தடம்’ எனலாம், ‘சேதம்’ எனலாகாது. ஆனால் புரோட்டான் ஒன்று சிலிக்கான் அணுவை அதன் இடத்தினின்று பெயர்த்துவிடின், படிகத்தில் நிலையான குறை எஞ்சுகிறது. தென் அட்லாண்டிக் பகுதிக்கு மேலே கதிர்வீச்சு வளையம் தாழ்ந்துள்ளது. அதனைக் கடக்கையில் ஹபிள் நோக்கீட்டை நிறுத்துகிறது. எனினும் புரோட்டான்கள் உணரியைத் தாக்குவது நிற்பதில்லை.

இக்குறை இருவகையில் வெளிப்படும். முதலாவது, ஒளியின்றியே எலக்ட்ரான்களை மிகுதியாகத் தோற்றுவிக்கும் படப்புள்ளி. ஆங்கில வழக்கில் இது ‘ஹாட் பிக்சல்’ எனப்படும். இதனை ‘வெப்பப் புள்ளி’ எனப் பெயர்த்தல் பிழையாகும். அண்டைப் புள்ளிகளினும் அது சூடானதன்று. ‘பொய்யொளிப் புள்ளி’ என்பது அதன் செயலைக் காட்டும். மாதந்தோறும் குளிரூட்டலை நிறுத்தி உணரியைச் சூடேற்றுவதால் புதிய பொய்யொளிப் புள்ளிகளுள் பெரும்பாலானவை மறைகின்றன. எஞ்சியவை காலப்போக்கில் பெருகுகின்றன.

இரண்டாவது, நகரும் எலக்ட்ரானைப் படிகக் குறை பற்றிக்கொண்டு, பிந்தி விடுவித்தல். இதனால் விண்மீனின் பின்னே வால் போன்ற சுவடு நீள்கிறது. மங்கிய விண்மீன் உள்ளதினும் மங்கலாக அளவிடப்படுகிறது. சூடேற்றலால் இது நீங்குவதில்லை; கணினி நிரல் கொண்டு திருத்த வேண்டியுள்ளது. எலக்ட்ரானைப் பற்றும் இக்குறையைப் ‘பொறி’ எனல் இயல்பே. ஆயினும் தீப்பொறி, இயந்திரம், புலன் ஆகிய பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. ‘மின்னூட்டப் பொறி’ என்பது மின்சாரத் தீப்பொறி என மயங்க இடந்தரும். ‘மின்னூட்டக் கண்ணி’ என்பது இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

இது சொல்நயம் பற்றிய வினா மட்டுமன்று. நீங்காத இழப்பும் நிலையாத தடமும் ஒரே சொல்லால் பெயர்க்கப்படின், 2002-ஆம் ஆண்டுப் படத்தையும் பிற்காலப் படத்தையும் ஒப்பிடும் மாணவர், உணரியின் மூப்பை விண்மீனின் மாற்றமாகக் கொள்ள நேரும்.