ரவூப்புக்கு மேற்கே ஒரு நிலம், கிழக்கே வேறு நிலம்: பழஞ்சிப்பிகள் தரும் சாட்சி

பகாங் மாநிலத்தில் காராக்கிலிருந்து மெந்தகாப், தெமர்லோ செல்லும் வட்டாரத்தில், சாலைக்காக வெட்டப்பட்ட மேடுகளில் சாம்பல் நிறப் பாறைகள் ஏடு ஏடாக அடுக்கியிருப்பதைக் காணலாம். அந்த ஏடுகள் சிலவற்றில் விசிறியை விரித்ததுபோல் மெல்லிய கோடுகள் தெரியும். அவை செடி, இலைகளின் தடங்கள் அல்ல. கடலில் வாழ்ந்த சிப்பிகளின் தடங்கள். ஓடு எப்போதோ கரைந்துபோய், அச்சு மட்டும் பாறையில் நின்றுவிட்டது. வயது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில், ரப்பரும் செம்பனையும் வளரும் நிலத்தில் கடற்சிப்பி எப்படி வந்தது? அந்த இடம் அப்போது கடலுக்கு அடியில் இருந்தது என்பதுதான் பதில். ஆனால் வியப்பு அதோடு முடியவில்லை. டாவோனெல்லா, ஹாலோபியா என்று பெயரிடப்பட்ட இதே சிப்பி இனங்கள் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளிலும், இமயமலையிலும், தீமோரிலும், ஜப்பானிலும், வட அமெரிக்காவிலும் கிடைக்கின்றன. கெடாவிலும் பேராக்கின் வடபகுதியிலும் உள்ள செமாங்கோல் பாறைகளிலும் இவை உண்டு.

உலகம் முழுவதும் ஒரே சிப்பி பரவியிருப்பதும், வேறு சில சிப்பிகள் ஓர் இடத்தை விட்டு நகராமல் இருப்பதும் நிலவியல் ஆய்வாளர்களுக்குப் பெரிய துப்பு. நாம் வாழும் இந்தத் தீபகற்பம் இரண்டு வெவ்வேறு நிலங்கள் மோதி ஒட்டிக்கொண்டதால் உருவானது என்பதற்குச் சிப்பிகளும் சாட்சி சொல்கின்றன.

இரண்டு ஓடு, இரண்டு குடும்பம்

சந்தையில் வாங்கும் கெராங்கை எல்லாருக்கும் தெரியும். சார் குவே தியாவில் போடப்படும் அந்தச் சிப்பிக்கு இரண்டு ஓடுகள். ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். இரண்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். இது இருவோட்டுச் சிப்பி வகை. டாவோனெல்லாவும் ஹாலோபியாவும் இந்த வகையைச் சேர்ந்தவை.

பழைய பாறைகளில் இன்னொரு வகையும் ஏராளம். அதன் பெயர் பிராக்கியோபோட். இதற்கும் இரண்டு ஓடுகள்தான். ஆனால் ஒன்று மேலே, மற்றது கீழே. இரண்டும் அளவில் ஒத்திருக்காது. ஆனால் ஓர் ஓட்டை மட்டும் எடுத்து நடுவில் கோடு போட்டால் இடப்பாதியும் வலப்பாதியும் பொருந்தும். கெராங் ஓட்டில் அப்படிக் கோடு போட்டால் பொருந்தாது. பாறையில் சிப்பித் தடம் கண்ட ஒருவர் அது எந்தக் குடும்பம் என்று அறிய இந்தச் சோதனை பெரும்பாலும் போதும்.

ஊர் மாறாத சிப்பி, உலகம் சுற்றும் சிப்பி

பெரும்பாலான பிராக்கியோபோட்கள் கடலடியில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வாழ்ந்தவை. அவற்றின் குஞ்சுகள் நீரில் மிதக்கும் காலம் பொதுவாகக் குறைவு. நீரின் வெப்பமும் பொருந்த வேண்டும். குளிர்கடல் இனம் வெப்பக்கடலில் வாழாது. ஆகவே ஒரே வகைக் குளிர்கடல் பிராக்கியோபோட் இரண்டு நாடுகளில் கிடைத்தால், அந்த இரண்டு நாடுகளும் ஒரு காலத்தில் ஒரே குளிர்கடலின் கரையில் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்க முடிகிறது.

ஹாலோபியா போன்ற மெல்லிய ஓட்டுச் சிப்பிகளின் கதை வேறு. இவை இவ்வளவு தூரம் பரவியதற்கு ஆய்வாளர்கள் இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். மிதக்கும் பொருள்களில் ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தோடு பயணித்தன என்பது ஒன்று. கடலடியில்தான் வாழ்ந்தன, ஆனால் அவற்றின் குஞ்சுகள் நீண்டகாலம் மிதந்து தொலைதூரம் போயின என்பது மற்றொன்று. எப்படியானாலும், ஒவ்வோர் இனமும் குறுகிய காலமே வாழ்ந்து மறைந்ததால், அவை கிடைக்கும் பாறையின் வயதைச் சொல்லிவிடலாம். ஆல்ப்ஸ் பாறையும் பகாங் பாறையும் ஒரே காலத்தவை என்று சொல்ல இந்தச் சிப்பி போதும்.

சுருங்கச் சொன்னால், ஊர் மாறாத சிப்பி இடத்தைச் சொல்லும். உலகம் சுற்றும் சிப்பி காலத்தைச் சொல்லும்.

லங்காவியில் பனிக்கட்டி

லங்காவியின் சிங்கா பாறைத் தொடரில் ஒரு விசித்திரம் உண்டு. மெல்லிய சேறு இறுகிய பாறைக்கு நடுவே, சம்பந்தமே இல்லாத கற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிந்திருக்கின்றன. அமைதியான சேற்றுக்குள் அந்தக் கற்களைக் கொண்டுவந்து போட்டது எது? மிதந்து வந்த பனிக்கட்டி. பனி உருகியதும் அதில் சிக்கியிருந்த கற்கள் கடலடியில் விழுந்தன. இது நடந்தது சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன்.

அதே காலத்துப் பிராக்கியோபோட்களும் குளிர்கடல் வகைதான். அவற்றுக்கு நெருங்கிய உறவினங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இமயமலைப் பகுதிகளிலும் கிடைக்கின்றன. ஆக, தீபகற்பத்தின் மேற்குப் பாதி அப்போது பூமியின் தென்பகுதியில், கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் விளிம்பில், ஆஸ்திரேலியாவுக்கு அருகில் இருந்தது. பிறகு அது பிரிந்து வடக்கே நகர்ந்தது. அதற்குப் பிந்திய பாறைகளில் குளிர்கடல் இனங்கள் மறைந்து, வெப்பக்கடல் உயிரினங்கள் வந்துவிடுகின்றன.

கிழக்குப் பாதியோ வேறு வம்சம். பகாங்கின் ஜெங்கா பகுதியிலும் ஜொகூரின் லிங்கியுவிலும் கிடைத்த பழைய செடிகளின் தடங்கள் தென்சீனத்தின் வெப்பநிலத் தாவரங்களோடு உறவுள்ளவை. இரண்டு நிலங்களுக்கும் நடுவே ஓர் ஆழ்கடல் இருந்தது. அந்தக் கடல் மூடி, நிலங்கள் மோதிய தழும்புதான் பெந்தோங், ரவூப் வழியாக வடக்கு தெற்காக ஓடும் கோடு. அந்தக் கோட்டோரம் ஆழ்கடலடியில் உருவாகும் பாறைகள் இன்றும் உள்ளன.

மோதலால் பூமிக்குள் உருகிய பாறை குளிர்ந்து தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் ஆனது. அதனோடு வந்ததுதான் ஈயம். அந்த ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்ல 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. நாட்டின் இரயில் பாதைகளைப் போட்டதில் தமிழர்களின் உழைப்பு எவ்வளவு என்பது யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஈயலம்பத்தில் கிடைத்த புதையல்

மலாயாவின் பழஞ்சிப்பிகளை அறிவியல் உலகம் அறியத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிறது. 1900இல் ரிச்சர்ட் புல்லன் நியூட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் மலாயாத் தீபகற்பத்தின் இருவோட்டுச் சிப்பிகளைப் பற்றி எழுதினார். 1906இல், மலாய் கூட்டு மாநிலங்களின் நிலவியலாளர் ஸ்கிரிவனர் சிங்கப்பூரில் கண்டெடுத்தவற்றையும் அவரே விவரித்தார்.

பேராக்கில் ஈயலம்பங்கள்தான் பெரிய வாய்ப்பைத் தந்தன. மண்ணைத் தோண்டி எடுத்தபோது அடியில் இருந்த சுண்ணாம்புக்கல் வெளியே வந்தது. 1968இல் டி.சுந்தரலிங்கம், கம்பாருக்கு மேற்கே உள்ள பாறை அடுக்குகளை வயது வாரியாக வரிசைப்படுத்தி ஆய்வு வெளியிட்டார். தை ஓன், கிம் லூங், குவான் ஓன், நாம் லூங், எச்.எஸ்.லீ என்று அந்த அடுக்குகளுக்கு லம்பங்களின் பெயரே வைக்கப்பட்டது. எச்.எஸ்.லீ அடுக்கில் கிடைத்த கடல்நத்தைகளை நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரோஜர் பேட்டன் ஆராய்ந்து 1972இல் தனி வெளியீடே கொண்டுவந்தார்.

1985இல் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் மூடப்பட்டன, பல குழிகளில் நீர் நிறைந்து குளமாயின. வெளிநாட்டு ஆய்வேடுகளில் பெயர் பெற்ற பாறைகள் இன்று நீருக்கடியில் அல்லது மண்ணுக்கடியில். அன்று சேகரித்துப் பத்திரப்படுத்தியவை மட்டுமே கையில் மிச்சம்.

காணாமல் போகும் ஏடுகள்

கடலில் ஒருமுறை பெரும் அழிவு நேர்ந்ததையும் சிப்பிகளே காட்டுகின்றன. சுமார் 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வெடித்த எரிமலைகள் காற்றில் கரியமில வாயுவைக் கொட்டின. கடல் சூடானது, உயிர்வாயு குறைந்தது. கடல் இனங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அழிந்தன. கடலடியை ஆண்டுவந்த பிராக்கியோபோட்கள் அதன்பின் பழைய நிலைக்கு மீளவில்லை. அந்த இடத்தை இருவோட்டுச் சிப்பிகள் பிடித்தன. கடலில் இன்று கெராங்கும் மட்டியும் மலிந்திருப்பதற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம். கடல் சூடானால் என்ன நடக்கும் என்று அறிய ஆய்வாளர்கள் இந்தப் பாறைகளைத் திரும்பத் திரும்பப் புரட்டுவது அதனால்தான்.

ஆனால் நம் நாட்டு வெயிலும் மழையும் அந்த ஏடுகளை நீண்ட நாள் விட்டுவைப்பதில்லை. வெட்டிய மேடு சில ஆண்டுகளில் உதிர்கிறது, புல் மூடுகிறது, அல்லது சரிவைத் தடுக்கச் சிமெண்டு பூசப்படுகிறது. சுண்ணாம்புக்கல் குன்றுகள் கல்லுடைப்பில் கரைகின்றன. லங்காவி 2007இல் யுனெஸ்கோ ஆதரவு பெற்ற உலக நிலவியல் பூங்காவானதால் அங்குள்ள பாறைகளுக்கு ஓரளவு கவனிப்பு உண்டு. சாலையோர மேடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கல்லில் சிப்பித் தடத்தைக் கண்டவர் அதைச் சுத்தியலால் உடைத்தெடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கனிம, புவி அறிவியல் துறைக்கோ பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ தெரிவிக்கலாம். எந்த இடத்தில், எந்த அடுக்கில் இருந்தது என்ற விவரம் இல்லாத கல், ஆய்வுக்கு அநேகமாகப் பயன்படாது. மழைக்காலத்தில் மேட்டுச் சரிவின் அடியில் நிற்பதையும் தவிர்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு இவற்றை நேரில் காட்ட விரும்பும் பெற்றோரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் ஈப்போவில் உள்ள நிலவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். புறப்படும் முன் கெராங் ஓடு ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போனால் நல்லது. அங்குள்ள கற்சிப்பிகளில் எது கெராங்கின் உறவு, எது பிராக்கியோபோட் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.